பிடித்தவரிடமும் கேட்கவில்லை, படுத்தவரிடமும் கேட்கவில்லை: எக்ஸ்ரே அறையில் ஒரு நிகழ்வு ஆய்வு

இங்கே விவரிக்கப்படுவது ஒரு தனி ஆளுக்கு நேர்ந்த கதையன்று. வன்னியின் வைத்தியசாலைகளில் பணிபுரிவோருக்கும் அங்கு சிகிச்சைக்கு வருவோருக்கும் பழக்கமான சூழல்களைச் சேர்த்து, கதிரியக்கப் பாதுகாப்பின் அறம் பற்றிய கலந்துரையாடலுக்காக அமைக்கப்பட்ட நிகழ்வு இது. அளவுகளும் சட்டங்களும் வரலாற்றுத் தகவல்களும் உண்மையானவை.

நிகழ்வு

முல்லைத்தீவு மாவட்டத்தின் உட்கிராமம் ஒன்றில் வசிக்கும் 36 வயதுப் பெண், 2009ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் எறிகணைச் சிதறல் முள்ளந்தண்டில் பட்டதால் இடுப்புக்குக் கீழே இயக்கத்தையும் உணர்வையும் இழந்தவர். திருமணமாகாதவர். சிதறல்களில் சில இன்னும் முள்ளந்தண்டுக்கு அருகில் இருக்கின்றன. இரும்புத் துண்டு உடலுக்குள் இருக்கும் ஒருவரை எம்.ஆர்.ஐ கருவியின் காந்தப் புலத்துக்குள் அனுப்புவது ஆபத்தானது என்பதால், அவருக்கு அந்தப் பரிசோதனை செய்யப்பட்டதில்லை. சிறுநீரகக் கல்லுக்கும், சிறுநீர்த் தொற்றுக்கும், படுக்கைப் புண்ணுக்கும் அவர் இத்தனை ஆண்டுகளாக எக்ஸ்ரேயையும் சி.டி ஸ்கானையுமே நம்ப வேண்டியிருந்தது. அவற்றின் எண்ணிக்கையை அவரோ குடும்பத்தாரோ எந்த வைத்தியசாலையோ சொல்ல முடியாது. இடம்பெயர்வில் தொலைந்த படங்கள் ஒருபுறமிருக்க, மீள்குடியேறிய பின் எடுக்கப்பட்டவையும் வெவ்வேறு வைத்தியசாலைகளின் உறைகளில், வீட்டுக் கூரையின் கீழே, வெக்கையிலும் மழை ஈரத்திலும் ஒன்றோடொன்று ஒட்டிப் பாழாகியிருந்தன.

பிட்டத்துப் புண் ஆழமாகிக் காய்ச்சலும் வந்ததால், எலும்புக்குள் தொற்று இறங்கியிருக்கிறதா என்று பார்க்க, ஆதார வைத்தியசாலையின் விடுதி வைத்தியர் இடுப்பு எக்ஸ்ரே ஒன்றை எழுதினார். அவரைக் கூட்டி வந்தவர் 24 வயதுத் தங்கை. மணமாகி நான்கு மாதங்கள் ஆனவர். முள்ளந்தண்டு வடம் காயப்பட்டவர்களுக்குக் கால்கள் தாமாகவே இழுத்து உதறுவதுண்டு. மேசையில் படுக்க வைத்ததும் அக்காவின் கால்கள் அப்படித்தான் இழுத்தன. வழக்கமாகப் பிடித்துக்கொள்ளும் சிற்றூழியர் அன்று சத்திரசிகிச்சைக் கூடத்தில் இருந்தார். கதிர்ப்படப்பிடிப்பாளர் ஈய அங்கியொன்றைத் தங்கையிடம் கொடுத்து, "தங்கச்சி, இதைப் போட்டுக்கொண்டு அக்காவின்ர காலை அசையாமல் பிடியுங்கோ" என்றார். முதற்படம் அசைந்துவிட்டது. இரண்டாவது சரியாக வந்தது.

தங்கைக்கு மாதவிடாய் ஒரு வாரம் தள்ளியிருந்தது. அதை அவர் அதுவரை எவரிடமும் சொல்லவில்லை. பத்து நாட்களுக்குப் பின் குடும்பநல உத்தியோகத்தர் செய்த பரிசோதனையில் கர்ப்பம் உறுதியானது. அன்றிரவே வீட்டில் எக்ஸ்ரே அறைப் பேச்சு எழுந்தது. கதிர் பட்ட பிள்ளை ஊனமாய்ப் பிறக்கும் என்றார் ஒருவர். இப்போதே கலைத்துவிடுவது நல்லது என்றார் இன்னொருவர். மறுநாள் வைத்தியசாலைக்கு வந்த தங்கைக்கும் கணவருக்கும் வெளிநோயாளர் பிரிவில் இருந்த இளம் வைத்தியர் ஒரே வசனத்தில் பதில் சொன்னார்: "அதால ஒண்டும் நடக்காது, பயப்பிடாமல் போங்கோ." அவர் சொன்னது உண்மை. ஆனாலும் அவர்கள் முன்னிலும் கூடிய பயத்துடன் வீடு திரும்பினார்கள். கலைப்பதற்கு வவுனியாவில் யாரோ இருப்பதாகக் கேள்விப்பட்டுக் கணவர் விசாரிக்கத் தொடங்கிய நிலையில்தான், குடும்பநல உத்தியோகத்தர் தலையிட்டு அவர்களை மகப்பேற்று வைத்திய நிபுணரிடம் அழைத்து வந்தார்.

கருவுக்குச் சேர்ந்த அளவு

அறத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் அளவைத் தெளிவாக்கிவிட வேண்டும். அளவு தெரியாத இடத்தில் அறம் பற்றிய பேச்சும் அச்சத்தின் பக்கமோ அலட்சியத்தின் பக்கமோ சாய்ந்துவிடுகிறது.

இடுப்பு எக்ஸ்ரே ஒன்றினால் நோயாளிக்குச் சேரும் கதிரளவு ஏறத்தாழ 0.6 மில்லிசீவர்ட் (சீவர்ட் என்பது உடலுக்குச் சேரும் கதிரின் அலகு). தங்கை நோயாளியல்லர், கதிர்க்கற்றைக்குள் அவர் உடல் வரவில்லை. அவரை அடைந்தது, அக்காவின் உடலில் பட்டுச் சிதறிய கதிரின் ஒரு சிறு பங்கே. தூரம் இரட்டித்தால் அளவு நாலில் ஒன்றாகக் குறையும். காலடியில் நின்று பிடித்ததால் ஓரளவு தூரமும் இருந்தது. அந்தச் சிறு பங்கிலும் பத்தில் ஒன்பதுக்குக் குறையாத பகுதியை ஈய அங்கி தடுத்துவிடும். எஞ்சியது வயிற்றுத் தசைகளைத் தாண்டித்தான் கருப்பையை அடைய வேண்டும். இரண்டு படங்களையும் சேர்த்துக் கணக்கிட்டாலும் கருவுக்குச் சேர்ந்திருக்கக்கூடியது ஓரிரு மைக்ரோகிரேக்கு மேற்படாது (கிரே என்பது உறிஞ்சப்பட்ட கதிரின் அலகு; எக்ஸ்ரேயில் ஒரு மைக்ரோகிரேயை ஏறத்தாழ ஒரு மைக்ரோசீவர்ட்டாக, அதாவது மில்லிசீவர்ட்டின் ஆயிரத்தில் ஒரு பங்காகக் கொள்ளலாம்). மண்ணிலிருந்தும் காற்றிலிருந்தும் வானிலிருந்தும் உணவிலிருந்தும் மனிதர் ஒவ்வொருவருக்கும் இயற்கையாகச் சேரும் கதிர், உலகச் சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட், அதாவது நாளொன்றுக்கு ஆறு மைக்ரோசீவர்ட்டுக்குச் சற்று மேல். எக்ஸ்ரே அறைக்கே போகாமல் வீட்டில் இருந்திருந்தாலும் ஒரு நாளில் அதைவிடக் கூடுதலான கதிர் அந்தத் தாயைச் சேர்ந்திருக்கும்.

சர்வதேச கதிரியக்கப் பாதுகாப்பு ஆணைக்குழு 2000ஆம் ஆண்டில் தன் 84ஆம் வெளியீட்டில், கருவுக்குச் சேர்ந்த அளவு 100 மில்லிகிரேக்குக் குறைவாயின் கதிரைக் காரணமாகக் காட்டிக் கர்ப்பத்தைக் கலைப்பது நியாயமாகாது என்று கூறியது. உறுப்புகள் உருவாகும் வாரங்களில் ஊனம் விளைவிக்கக்கூடிய அளவும் ஏறத்தாழ அந்த எல்லையிலிருந்தே தொடங்குகிறது. நம் நிகழ்வின் அளவு அதன் பல்லாயிரத்தில் ஒரு பங்கு. 1950களில் அலிஸ் ஸ்டுவர்ட் இங்கிலாந்தில் நடத்திய ஆய்வு, கர்ப்ப காலத்தில் தாயின் வயிற்றை நேரே படமெடுத்த சந்தர்ப்பங்களில் பிள்ளைப் பருவப் புற்றுநோய் கூடுவதைக் காட்டியது. அந்த எச்சரிக்கையை எவரும் குறைத்து மதிப்பிடக்கூடாது. ஆனால் அங்கே கரு கதிர்க்கற்றைக்குள்ளேயே இருந்தது, அக்காலத்துக் கருவிகளின் அளவுகளும் மிகப் பெரியவை.

அச்சம் தானே ஒரு தீங்கு என்பதற்குச் சான்று உண்டு. 1986 ஏப்ரலில் செர்னோபில் அணு உலை விபத்து நடந்தபோது, கிரேக்கத்தில் வாழ்ந்தோருக்குச் சேர்ந்த கூடுதல் அளவு மிகச் சிறியதாகவே இருந்தது. இருந்தும் அந்நாட்டில் 1987 ஜனவரியில் பிறப்புகள் சடுதியாகக் குறைந்தன. தாய்மார் விரும்பிச் சுமந்த கர்ப்பங்களில் ஏறத்தாழ 2,500 அச்சத்தின் காரணமாகக் கலைக்கப்பட்டிருக்கலாம் என்று டிமித்ரியோஸ் திரிகோபுலோசும் சக ஆய்வாளர்களும் அதே ஆண்டில் மதிப்பிட்டனர். நம் நாட்டில் இந்த அச்சம் இன்னும் கொடிய இடத்துக்கு இட்டுச் செல்லும். தாயின் உயிரைக் காக்கும் தேவை தவிர வேறு எக்காரணத்துக்கும் கருக்கலைப்பைத் தண்டனைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவு அனுமதிப்பதில்லை. ஆகவே பயந்த ஒரு பெண் போய்ச் சேரும் இடம் பெரும்பாலும் முறையான வைத்தியசாலையாக இராது. கருவுக்குத் தீங்கு செய்யாத கதிர், தாயின் உயிருக்கே ஆபத்தாகும் வழி இதுதான்.

கேட்கப்படாத இருவர்

தீங்கு நேரவில்லை என்றால் இந்த நிகழ்வில் ஆராய என்ன இருக்கிறது என்று கேட்கலாம். கதிர்ப்படப்பிடிப்பாளரும் முதலில் அப்படித்தான் கேட்டார். அவர் ஈய அங்கி கொடுத்தார், காலடியில் நிற்கச் சொன்னார், தேவையான படத்தைத்தான் எடுத்தார். என் கருத்தில் அவர் செய்தவற்றில் பெரும்பகுதி சரியானதே. தங்கையைப் பொறுத்தவரை தவறு ஓரிடத்தில்தான் இருக்கிறது: அவருக்குத் தன் உடலைப் பற்றித் தீர்மானிக்கும் வாய்ப்பு அளிக்கப்படவில்லை. கர்ப்பமாக இருக்கக்கூடுமா என்று கேட்டிருந்தால் அவர் விலகி நின்றிருக்கலாம், வேறொருவரை அழைத்திருக்கலாம். விளக்கத்தைக் கேட்டுவிட்டுத் தானே பிடிக்கிறேன் என்றும் சொல்லியிருக்கலாம். பிற்பாடு அளவு சிறியதாக அமைந்தது அவருடைய நல்வாய்ப்பும் இயற்பியலின் இயல்பும். கேளாமல் விட்டதற்கு அது நியாயமாகாது.

மேற்சொன்ன ஆணைக்குழு, 2018ஆம் ஆண்டின் 138ஆம் வெளியீட்டில், கதிரியக்கப் பாதுகாப்பு முறைமையின் அடியில் இருக்கும் அற விழுமியங்களை வெளிப்படையாக எடுத்துரைத்தது. நன்மை செய்தலும் தீங்கிழையாமையும், முன்மதி, நீதி, மாண்பு ஆகியவை அடிப்படையானவை; பொறுப்புக்கூறல், வெளிப்படைத்தன்மை, சம்பந்தப்பட்டோரைச் சேர்த்துக்கொள்ளல் ஆகியவை நடைமுறை சார்ந்தவை. எக்ஸ்ரே அறைகளில் நாம் பயிற்றுவிப்பது பெரும்பாலும் முதலாவது விழுமியத்தையே. அளவைக் குறை, தூரத்தைக் கூட்டு, அங்கியைப் போடு என்ற மூன்றும் அதற்குள் அடங்கிவிடும். மாண்பு என்பது கதிரை அளக்கும் அளவுமானியில் பதிவாகாததால், அது மீறப்பட்டதை அறிக்கை எதுவும் காட்டுவதில்லை.

அறைக் கதவில் மூன்று மொழிகளிலும் அறிவித்தல் தொங்கியது: கர்ப்பிணியாயின் படம் எடுக்குமுன் அறிவிக்கவும். தங்கை அதை வாசித்தார். படம் எடுக்கப்படுவது தனக்கல்ல என்பதால் அது தனக்கானதல்ல என்று எண்ணினார். அவர் எண்ணியதில் பிழை எதுவுமில்லை. அறிவித்தல் நோயாளியை நோக்கித்தான் எழுதப்பட்டிருந்தது. தவிர, ஓட்டோ ஓட்டி வந்த அயலவரும் கதவருகில் நின்றார். கணவரிடம்கூட இன்னும் சொல்லாத செய்தியை அந்த இடத்தில் எப்படிச் சொல்வது?

இந்நிகழ்வைப் பலருடன் கலந்துரையாடுகையில் பெரும்பாலானோர் தங்கையோடு நின்றுவிடுகிறார்கள். அக்காவிடமும் அந்தக் கேள்வி கேட்கப்படவில்லை என்பதைக் கவனிப்பவர் சிலரே. கதவிலிருந்த அறிவித்தல் அவருக்கு உரியது, கதிர் விழுந்தது அவருடைய இடுப்பில், அவருக்கு வயது 36. இருந்தும் படிவத்தில் மாதவிடாய்த் திகதிக்கான இடம் வெறுமையாகவே இருந்தது. சக்கர நாற்காலியில் வந்த மணமாகாத பெண்ணிடம் அதைக் கேட்கத் தேவையில்லை என்று விடுதியிலும் எக்ஸ்ரே அறையிலும் எல்லோரும் தமக்குள் தீர்மானித்துவிட்டார்கள். முள்ளந்தண்டு வடம் காயப்பட்ட பெண்கள் பலர் தாயாகியிருக்கிறார்கள். அக்காயம் பெண்ணின் கருவுறும் ஆற்றலைப் பொதுவாக அழிப்பதில்லை. தங்கையிடம் கேட்காததற்கு மறதியும் அவசரமும் காரணம். அக்காவிடம் கேட்காததற்குக் காரணம், அவரை இன்னார் என்று முன்கூட்டியே முடிவு கட்டியது. இரண்டாவதையே நான் கடுமையானதாகக் கருதுகிறேன். வன்னியில் போரினால் உடலுறுப்போ இயக்கமோ இழந்த பெண்கள் பலர் வாழ்கிறார்கள். அவர்கள் ஒவ்வொருவரும் வைத்தியசாலைக் கதவுகளில் இந்த முடிவைச் சந்திக்கிறார்கள்.

கேட்பது எளிதன்று என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். படப்பிடிப்பாளர் ஓர் ஆண். கணவனை இழந்தும் தேடியும் தனியே குடும்பத்தைத் தாங்கும் பெண்கள் நிறைந்த மாவட்டத்தில், ஆண் ஒருவர் நடைபாதையில் நின்று கர்ப்பமா என்று கேட்டால் அது அவமதிப்பாகவே காதில் விழும். இதற்கு வழி கேள்வியைக் கைவிடுவதல்ல. இடத்தையும் ஆளையும் சொற்களையும் மாற்றுவது. விடுதியில், திரைக்குள், தாதி ஒருவர், "எக்ஸ்ரே அறைக்குள்ள போற எல்லாப் பெண்களிட்டையும் இதைக் கேக்கிறனாங்கள், பிடிக்கப் போறவையிட்டையும் கேப்பம்" என்று தொடங்கினால் எவர்மீதும் சந்தேகம் விழாது. விதவையிடமும், மணமாகாதவரிடமும், சக்கர நாற்காலியில் இருப்பவரிடமும் ஒரே விதமாகக் கேட்கப்படுகையில் அந்தக் கேள்விக்குள் தீர்ப்பு எதுவும் ஒளிந்திருக்க முடியாது.

மன்னிப்புக் கேட்பது பற்றி

மகப்பேற்று வைத்திய நிபுணரின் அறையில் நடந்த உரையாடலுக்கு அரைமணி நேரத்துக்கு மேல் எடுத்தது. அவர் முதலில் தங்கையையே பேச விட்டார். பின்பு அளவைச் சொன்னார். இயற்கையாகச் சேரும் கதிரோடு ஒப்பிட்டுக் காட்டினார். எக்ஸ்ரே இல்லாமலே பிறக்கும் பிள்ளைகளிலும் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்குப் பிறவிக் குறைபாடு காணப்படுவதுண்டு என்பதையும் மறைக்காமல் சொன்னார். இது முக்கியமானது. ஏதேனும் குறையோடு பிள்ளை பிறந்துவிட்டால், பொய் சொல்லிவிட்டார்கள் என்றும் தான் காலைப் பிடித்ததுதான் காரணம் என்றும் அந்தத் தாய் ஆயுள் முழுதும் எண்ணுவார். விளக்கம் முழுவதையும் தமிழில் எழுதிக் கையொப்பமிட்டும் கொடுத்தார். வீட்டில் இருப்பவர்களுக்கும் காட்ட வேண்டும் அல்லவா?

படப்பிடிப்பாளர் மன்னிப்புக் கேட்க விரும்பினார், ஆனால் தயங்கினார். மன்னிப்புக் கேட்டால் ஏதோ நடந்துவிட்டது என்று அவர்கள் நினைப்பார்கள், ஆறிய பயம் மீண்டும் கிளம்பும் என்பது அவர் வாதம். அதில் நியாயம் உண்டு. ஆயினும் மன்னிப்பை எதற்காகக் கேட்கிறோம் என்பதைப் பிரித்துச் சொல்லும்போது அந்த ஆபத்து நீங்குகிறது. "பிள்ளைக்கு ஒண்டும் நடக்கேல்லை, ஆனால் உங்களிட்டைக் கேட்டுப்போட்டுத்தான் பிடிக்கச் சொல்லியிருக்க வேணும், கேக்கேல்லை, அது என்ர பிழை" என்று அவர் சொன்னார். இளம் வைத்தியரின் "ஒண்டும் நடக்காது" என்ற சொல்லை நம்பாத கணவர், அதே செய்தியை இவ்விதம் கேட்டபோது நம்பினார். தன் பிழையை ஒளிக்காதவர் ஆபத்தையும் ஒளிக்கமாட்டார் என்ற கணிப்பு அவருக்கு அதில் கிடைத்திருக்க வேண்டும்.

வழக்கமாகப் பிடிப்பவர்

அன்று சிற்றூழியர் இருந்திருந்தால் இப்பிரச்சினையே எழுந்திராது என்று சிலர் கூறினர். என்னால் அதை ஏற்க முடியாது. எவரும் வழமையாகப் பிடிப்பவராக இருக்கக்கூடாது என்பது பாதுகாப்பு நெறிகளில் பழையதும் தெளிவானதுமான ஒன்று. தாமே விரும்பி உதவும் உறவினருக்கு ஒரு தடவைக்கு 5 மில்லிசீவர்ட் வரையான அளவுக் கட்டுப்பாட்டை ஆணைக்குழு வகுத்திருக்கிறது. அவர் எப்போதோ ஒருமுறை பிடிக்கிறார், தன் உறவுக்காகப் பிடிக்கிறார். சிற்றூழியரின் நிலை வேறு. சம்பளப் பட்டியலில் அவர் கதிர்ப்பணியாளர் அல்லர். ஆகையால், அணிபவருக்குச் சேரும் கதிரைப் பதியும் அளவுமானிப் பட்டை அவருக்கு வழங்கப்படவில்லை. ஆனால் பிள்ளைகளையும், முதியவர்களையும், கால் உதறுபவர்களையும் ஆண்டுக்கணக்காகப் பிடித்து வருபவர் அவரே. கதிர்ப்பணியாளருக்குரிய வரம்பு, ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட். பொதுமக்களுக்குரியது 1 மில்லிசீவர்ட். எந்த வரம்புக்குள் அவர் நிற்கிறார் என்று சொல்ல ஒரு அளவீடுகூட இல்லை.

கதிரியக்கப் பாதுகாப்பின் வரலாறு உதவியாளர்களின் உடல்களிலிருந்தே தொடங்கியது. தோமஸ் எடிசனின் ஆய்வுகூடத்தில் எக்ஸ்ரே கருவிகளைச் சோதிக்கத் தன் கைகளையே கதிரின் முன் நீட்டிய கிளாரன்ஸ் டாலி, இரு கைகளும் வெட்டப்பட்டபின் 1904ஆம் ஆண்டில் இறந்தார். ஹம்பேர்க் நகரில் 1936ஆம் ஆண்டு எழுப்பப்பட்ட நினைவுத்தூணில் அவ்வாறு மாண்ட 169 பேரின் பெயர்கள் பொறிக்கப்பட்டன. இன்றைய அளவுகள் அவற்றோடு ஒப்பிடத் தக்கவையல்ல. ஆனாலும் மிகக் குறைந்த சம்பளம் பெறுபவரே அளக்கப்படாமல் நிற்பது என்ற ஒழுங்கு இன்னும் மாறவில்லை. 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க இலங்கை அணுசக்திச் சட்டத்தின் கீழ் அமைந்த ஒழுங்குபடுத்தல் பேரவை எக்ஸ்ரே நிலையங்களுக்கு உரிமம் வழங்குகிறது. உரிமத்தின் சொற்களுக்குள் இவர் வருகிறாரோ இல்லையோ, அவருக்கொரு பட்டை கேட்டு எழுதுவது வைத்தியசாலையின் கடமை. அதைவிட முதன்மையானது பிடிக்கும் தேவையையே குறைப்பது. மணல் மூட்டை, பஞ்சு ஆப்பு, அகன்ற பட்டி ஆகியவற்றைக் கொண்டு கால்களை நிறுத்திவிடலாம். அவற்றை உள்ளூர்த் தையற்காரரே செய்து தருவார். அந்த அறையில் அவை எதுவும் இருக்கவில்லை.

அக்காவின் கணக்கு

மேசையில் படுத்திருந்தபோது, முதற்படம் அசைந்துவிட்டது, இன்னொன்று எடுக்க வேண்டும் என்று சொன்னவரிடம் அக்கா கூறியது இது: "எடுங்கோ தம்பி. என்ர உடம்பில இனி என்ன பட்டால் என்ன." அனுமதியாக அதை எடுத்துக்கொள்வது எளிது. ஆனால் தன் உடலுக்கு இனி மதிப்பில்லை என்று நம்ப வைக்கப்பட்ட ஒருவரின் இணக்கத்தை முழுமையான இணக்கமாகக் கொள்ள முடியுமா? நோயாளிகளுக்குக் கதிரளவு வரம்பு விதிக்கப்படுவதில்லை. தேவையான பரிசோதனையை ஓர் எண் தடுத்துவிடக் கூடாது என்பதே காரணம். அந்த வரம்பின்மை பாதுகாப்பாக அமைவது, ஒவ்வொரு படத்துக்கும் ஒருவர் நின்று காரணம் கேட்கும்போது மட்டுமே.

அன்றைய படத்துக்குக் காரணம் இருந்தது. எலும்புத் தொற்றை எம்.ஆர்.ஐயைப் போல் எக்ஸ்ரே காட்டாது, ஆரம்ப நாட்களில் ஒன்றும் காட்டாமலும் போகலாம். ஆயினும் அவருக்கு இருந்த முதல் வழி அதுவே. கதிர் விழும் பரப்பைத் தேவையான அளவுக்குச் சுருக்காமல் விட்டது தவறு. இடுப்பின் மேல் ஈயத் துண்டை வைக்காதது தவறல்ல. அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் 2019ஆம் ஆண்டிலேயே அவ்வழக்கத்தைக் கைவிடுமாறு கூறிவிட்டது, ஏனெனில் அது பயனின்றிப் படத்தை மறைத்து இன்னொரு படம் எடுக்க வைக்கக்கூடும். முந்தைய படங்களின் நிலை வேறு. ஆறு மாதங்களுக்கு முன் இன்னொரு வைத்தியசாலையில் சிறுநீரகக் கல்லுக்காக எடுத்த எக்ஸ்ரேயின் இடத்தில் அல்ட்ராசவுண்ட் ஸ்கான் போதியதாக இருந்திருக்கலாம். ஸ்கான் செய்யும் நாள் அதுவல்ல என்பதும், இன்னொரு நாள் வர ஓட்டோக் கூலி இல்லை என்பதுமே அன்று எக்ஸ்ரேயைத் தீர்மானித்தன. நீதி என்ற விழுமியம் வன்னியில் இந்த உருவத்தில்தான் வருகிறது: நகரத்தில் இருப்பவர் கதிரில்லாத பரிசோதனையைப் பெறுகிறார், தொலைவில் இருப்பவரின் வறுமை கதிராக அவர் உடலில் சேர்கிறது.

கலந்துரையாடலின் முடிவில் அக்காவுக்காக ஒரு கொப்பி தொடங்கப்பட்டது. எடுத்த படம், திகதி, இடம், காரணம் ஆகியவை இனி அதில் எழுதப்படும். பழைய உறைகளில் பிழைத்தவற்றைப் பிரித்து வாசித்து முன்பக்கங்களை நிரப்புவதற்குப் படப்பிடிப்பாளர் பொறுப்பேற்றார். சிறுநீரகப் பரிசோதனைக்கு முதலில் அல்ட்ராசவுண்ட் என்றும், அதன் நாளும் புண்ணுக்கு மருந்து கட்டும் கிளினிக் நாளும் ஒன்றாக அமைய வேண்டும் என்றும் விடுதி வைத்தியர் எழுதினார். பட்டிகள் வரும்வரை காலை யார் பிடிப்பது என்ற கேள்வி அக்காவிடமே விடப்பட்டது. சிறிது யோசித்துவிட்டு, தங்கையின் கணவர் வேண்டாம், சின்னையாவின் மகன் வரட்டும், ஆனால் போர்வை விலகாமல் படம் எடுக்க வேண்டும் என்றார். மூன்றும் கொப்பியின் முதற்பக்கத்தில் எழுதப்பட்டன.